வால்பாறை சோலைக்கு மேலே ஒரு கறுப்புப் பறவை: பருந்தா, கழுகா?

மூன்றாம்வளைவு:

பறவைகளில் எனக்குத் தெரிந்தது காக்கா, மைனா, கிளி, அவ்வளவுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேள்வி அபத்தமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம், அதாவது பிப்ரவரி கடைசியில், வால்பாறையில் சித்தி வீட்டில் நான்கு நாள் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு, சரிவு முடிகிற இடத்தில் ஒரு சோலை. பெரிய காடு இல்லை, எஸ்டேட்டுக்கு நடுவே விட்டுவைத்த ஒரு துண்டு. இரண்டாம் நாள் காலை ஒன்பதரை இருக்கும். பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன் (விடுமுறை, கேட்காதீர்கள்), மர உச்சிகளை ஒட்டி ஒரு பெரிய கறுப்புப் பறவை வருகிறது.

அப்படி ஒரு நிதானத்தை நான் பார்த்ததில்லை. இறக்கையை விரித்து லேசாக மேலே தூக்கி வைத்திருந்தது. ஒரு மரத்தின் தலையைக் குனிந்து பார்க்கும், அடுத்த மரத்துக்குப் போகும், அதையும் பார்க்கும். கணக்கெடுக்க வந்தவர் வீடு வீடாக எட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரி. சோலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அது போய்ச் சேர்வதற்குள் நான் உள்ளே போய் வாய் கொப்பளித்துவிட்டே வந்துவிட்டேன். பார்த்த வரைக்கும் இறக்கை அடித்தது மூன்றே முறை. எண்ணினேன்.

அது வந்ததும் காட்டுக்குள்ளிருந்து 'கடகடகட' என்று ஒரு சத்தம். மலை அணில் கத்துகிறது என்றார் சித்தப்பா. இரண்டு கரிச்சான் வேறு பின்னாலேயே விரட்டிக்கொண்டு போயின. இவ்வளவு ரகளைக்கும் காரணமான அது மட்டும் வாயே திறக்கவில்லை.

சித்தி "கருடா கருடா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சித்தப்பா "அது வெறும் பருந்து" என்றார். இதில் இருவருக்கும் சாப்பாட்டு நேரம் வரை பேச்சு. கருடன் என்றால் உடம்பு செம்பழுப்பு, தலை வெள்ளை என்று தேடிப் படித்தேன், இது முழுக் கறுப்பு. போனில் எடுத்த படத்தைப் போடலாம் என்றால் அதில் அது ஒரு எறும்பு.

மூன்று கேள்வி. இது என்ன? ஏன் அவ்வளவு மெதுவாகப் பறக்கிறது? சித்தி ஆறு கோழி வளர்க்கிறார், அவற்றுக்கு ஆபத்தா?

---

ஒத்தையடிப்பாதை:

கொண்டைப் பாம்புக்கழுகு. வால்பாறையில் எங்கே திரும்பினாலும் அதுதான். ரோட்டோரக் கம்பத்தில்கூட உட்கார்ந்திருக்கும். தூரத்தில், வெயிலுக்கு எதிரே பார்த்தால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும்.

---

எஸ்டேட்பொண்ணு:

ஒத்தையடிப்பாதை தம்பி, அங்கே பாம்புக்கழுகு நிறைய உண்டு, அது சரிதான். ஆனால் இது அது இல்லை. பாம்புக்கழுகு வானத்தில் உயரே வட்டமடிக்கும், வட்டமடிக்கும்போது சும்மா இருக்காது, நீளமாக விசில் அடித்துக்கொண்டே இருக்கும். அடியிலிருந்து பார்த்தால் இறக்கையின் பின்விளிம்பில் பட்டையாக ஒரு வெள்ளைக் கோடு, வாலிலும் ஒன்று. வெயிலுக்கு எதிரே பார்த்தாலும் அந்த வெள்ளை ஊடுருவித் தெரியும். இவர் பார்த்தது மர உச்சியை ஒட்டி வந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை, மூன்றே முறை இறக்கை அடித்திருக்கிறது. இது கருங்கழுகு.

மூன்றாம்வளைவு, நீங்கள் இறக்கையடியை எண்ணியதுதான் எனக்குப் பிடித்தது. ஆயிரம் ரூபாய்க்குப் புத்தகம் வாங்கி வைத்திருப்பவர்கள்கூட இறகின் நிறத்தைத்தான் பார்ப்பார்கள், நடையைப் பார்க்க மாட்டார்கள். இந்தக் கழுகை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கவே வேண்டாம், நடை போதும்.

நான் அந்த மலையில் பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்தால் எதிரே சோலை. பன்னிரண்டு வயது வரை இதை ஏதோ பெரிய அண்டங்காக்கை என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் தேயிலைக்கு மேலே என் தலையை ஒட்டிப் போனது. கால் பளிச்சென்று மஞ்சள், அலகின் அடியும் மஞ்சள். காக்கைக்கு ஏது மஞ்சள் கால்? அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது. பெயர் தெரிய இன்னும் பத்து வருடம் ஆனது, அது வேறு கதை.

அடுத்த முறை பார்த்தால் இதைக் கவனியுங்கள். இறக்கை உடம்போடு சேர்கிற இடத்தில் ஒடுங்கியிருக்கும், வெளியே போகப் போக அகலும். துடுப்பு மாதிரி. நுனியில் இறகுகள் விரல் விரலாகப் பிரிந்து மேலே வளைந்திருக்கும். இரண்டு இறக்கையையும் ஆழமில்லாத 'வி' வடிவத்தில் தூக்கிப் பிடித்திருக்கும். வால் நீளம். நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் வந்தால் வாலில் மங்கலான சாம்பல் பட்டைகள் தெரியும். உட்கார்ந்திருக்கும்போது பார்க்கக் கிடைத்தால் காலைப் பாருங்கள்: விரல் தொடங்கும் வரை கால்சட்டை போட்டது போல இறகு மூடியிருக்கும். பாம்புக்கழுகின் கால் மொட்டைக் கால்.

ஏன் மெதுவாகப் பறக்கிறது என்று கேட்டீர்கள். இதன் எடை ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். உங்கள் சித்தி வளர்க்கும் கோழி எடை. ஆனால் இறக்கையை விரித்தால் நுனிக்கு நுனி ஒன்றரை மீட்டர், பெரியதென்றால் 180 சென்டிமீட்டர் வரை போகும். ஒரு கோழியின் எடையை ஒரு ஆள் நீளத்துக்குத் துணி விரித்துத் தாங்கினால் எப்படி இருக்கும்? கீழே விழாமல் மெதுவாகப் போகலாம். மலைச்சரிவில் மேலேறி வரும் காற்று மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

மெதுவாகப் போக வேண்டிய அவசியமும் அதற்கு இருக்கிறது. மற்ற கழுகுகள் ஓடுகிற முயலையோ நெளிகிற பாம்பையோ பிடிக்கின்றன. இது தேடுவது அசையாத ஒன்றை: இலைக்குள் ஒளித்துவைத்த கூடு. முட்டையும் குஞ்சும்தான் இதற்கு விருப்ப உணவு. அசையாததை வேகமாகப் போய்க் கண்டுபிடிக்க முடியுமா? ஒவ்வொரு மரமாகக் குனிந்துதான் பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன கணக்கெடுப்புக்காரர் உவமை அச்சு அசல்.

கால் நகமும் அதற்கேற்ற மாதிரிதான். கழுகு நகம் என்றால் கொக்கி போல வளைந்திருக்கும் என்று நினைப்போம், பிடித்த இரையைக் குத்தி இறுக்க அந்த வளைவு வேண்டும். இதன் நகங்கள் நீளம், வளைவு குறைவு. வெளிவிரல் குட்டை, உள்விரலில் நீள நகம். கூட்டை உடைக்காமல் அள்ளுவதற்கு இதுதான் வசதி. ஆமாம், அள்ளுவதற்கு. கூட்டில் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போகிற பழக்கம் இதற்குக் குறைவு, கூட்டையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

இதை நான் ஒரே ஒரு முறை முழுதாகப் பார்த்திருக்கிறேன். ஏப்ரல் மாதம், முதல் மழை பெய்து முடித்திருந்தது. சோலை ஓரமாக ரோட்டுத் திண்டில் உட்கார்ந்து கணுக்காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். கீழே பள்ளத்திலிருந்து அது ஏறி வந்தது, அதனால் எனக்குத் தெரிந்தது அதன் முதுகு. மலையில் இது ஒரு வசதி, கழுகை மேலேயிருந்து பார்க்கலாம். சாலைக்கு இருபதடி கீழே இருந்த ஒரு சின்ன மரத்தை நெருங்கியதும் இரண்டு காலையும் தொங்கவிட்டது. நிற்கவே இல்லை. மரத்தின் தலைக்குள் கால் மட்டும் முங்கி எழுந்தது, அவ்வளவுதான். வெளியே வரும்போது கையில் ஒரு பிடி குப்பை. கை என்றுதான் சொல்ல வருகிறது.

இரண்டு செம்மீசைச் சின்னான் குருவிகள் கத்திக்கொண்டே பின்னால் போயின. அது கண்டுகொள்ளவில்லை. கொஞ்சம் தள்ளிப் பட்டுப்போன ஒரு சில்வர் ஓக் கிளையில் உட்கார்ந்து, ஒற்றைக் காலில் கூட்டைப் பிடித்துக்கொண்டு, கிண்ணத்திலிருந்து எடுத்துத் தின்பது போலக் குனிந்து குனிந்து தின்றது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம் காலை உதறிக் கூட்டைக் கீழே போட்டுவிட்டு அதே நடையில் அடுத்த மரத்துக்குக் கிளம்பியது.

நான் இறங்கிப் போய்த் தேடி எடுத்தேன். உள்ளங்கை அகலக் கிண்ணம். மெல்லிய வேர், காய்ந்த இலை, இரண்டையும் சேர்த்துப் பிணைத்த சிலந்தி நூல். ஒரு பக்கம் மட்டும் நகம் பதிந்து நசுங்கியிருந்தது, மறுபக்கம் கட்டியவர்கள் விட்டுப்போன மாதிரியே வட்டமாக இருந்தது. உள்ளே ஈரம். சூடு இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தேன். இல்லை.

சின்னான்கள் அந்த மரத்துக்குத் திரும்பி வந்து பழைய கிளையிலேயே உட்கார்ந்திருந்தன.

சரி, கோழி விஷயம். கூட்டுக் குஞ்சு மட்டும்தான் தின்னும் என்று இல்லை. அணில், வௌவால், எலி, பல்லி, சின்னப் பறவைகள், சமயத்தில் குரங்குக் குட்டிவரை கை வைக்கும். மலை அணில் அப்படிக் கத்தியது சும்மா இல்லை. ஆனால் சித்தியின் கோழிக்குஞ்சு காணாமல் போனால் நான் முதலில் சந்தேகப்படுவது வல்லூறையும் ஊர்ப்பருந்தையும், அப்புறம் தலையில் நீளக் குடுமி வைத்த இன்னொரு காட்டுக்கழுகையும். கீரியை மறந்துவிட்டேன், அதை முதலில் போடுங்கள். கருங்கழுகு முற்றத்தில் இறங்கி நான் பார்த்ததில்லை. அதன் உலகம் மர உச்சி.

---

ஒத்தையடிப்பாதை:

அக்கா, ஒத்துக்கொள்கிறேன், அவசரப்பட்டுவிட்டேன். விசில் சத்தம் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு சந்தேகம். மேகமலையில் இதே மாதிரி மெதுவாகப் பறந்த ஒன்றைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இறக்கை வடிவம் நீங்கள் சொன்ன அதே துடுப்பு. ஆனால் தலையும் நெஞ்சும் வெளிர் மஞ்சள்பழுப்பு, அதில் கறுப்புக் கீற்றுகள். இரண்டு வருடமாகப் பெயர் தெரியாமல் கிடக்கிறது. இன்னொன்று, இதைக் கரும்பருந்து என்று சொல்லலாமா?

---

எஸ்டேட்பொண்ணு:

படத்தைப் பார்க்காமலே சொல்கிறேன், அது இதன் இளசு. இளம் பறவைக்குத் தலை, நெஞ்சு, இறக்கையின் உள்பக்கம் எல்லாம் வெளிறிக் கீற்றுக் கீற்றாகத்தான் இருக்கும். வளர வளரக் கறுக்கும். வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்கச் சொன்னேன் பாருங்கள், அதற்கு இதுவும் ஒரு காரணம். நிறம் மாறும், இறக்கை வடிவமும் நடையும் மாறாது.

கரும்பருந்து என்று சொல்லாதீர்கள், குழப்பம் வரும். ஊரில் குப்பைமேட்டுக்கு மேலே சுற்றும் வால் பிளந்த பருந்தைச் சிலர் கரும்பருந்து என்கிறார்கள். அது பார்க்கப் பழுப்பு, பெயர் மட்டும் கரும். 'கழுகு' என்ற சொல்லிலும் இந்தச் சிக்கல் உண்டு. திருக்கழுக்குன்றத்துக் கழுகு உண்மையில் பாறு, பிணந்தின்னி வகை. எஸ்டேட்டில் என் பாட்டி இந்தச் சிக்கலே வைத்துக்கொள்ளவில்லை, கோழி தூக்குவது பருந்து, தூக்காதது கருடன், முடிந்தது.

---

நானுஓயாத் தம்பி:

வணக்கம். இலங்கை மலையகத்தில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் கதைக்கிற பறவை எங்கட பக்கமும் இருக்கு. லயத்துக்கு மேலே காடு தொடங்குற இடத்தில அடிக்கடி காண்பேன். ஹோர்டன் சமவெளியிலும் கண்டிருக்கிறன், அது 2,000 மீட்டருக்கு மேல. ஆனால் மலையில மட்டும் எண்டு நினைக்க வேண்டாம், சிங்கராஜா போலத் தாழ்வான மழைக்காட்டிலும் இருக்கு.

சிங்கராஜாவில பல வகைக் குருவிகள் ஒண்டாச் சேர்ந்து கூட்டமாத் திரியும். முன்னுக்குத் தவிட்டுக்குருவிகள், கூடவே கரிச்சான். ஒரு நாள் அந்தக் கூட்டத்துக்கு நடுவில நிண்டனான். கீச்சு மூச்செண்டு ஒரே இரைச்சல். திடீரெண்டு கரிச்சான் ஒரு குரல் குடுத்துது, உடனே காடே அமைதி. மேலே பார்த்தால் இலைகளுக்கு மேலால ஒரு கறுப்பு நிழல் நகருது. அது போய் முடியும் வரைக்கும் ஒரு குருவி அசையேல்ல. எனக்கும் ஏனோ அசைய மனம் வரேல்ல.

எங்கட கழுகும் உங்கட கழுகும் ஒரே வகையா, வேறயா?

---

கூட்டெழுத்து:

ஒரே வகைதான் தம்பி, துணையினமும் ஒன்றே. இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது பெர்னிகர், மியான்மரிலிருந்து கிழக்கே இருப்பது மலாயென்சிஸ். இனத்துக்கு அறிவியல் பெயர் இக்டினேட்டஸ் மலாயென்சிஸ், இதில் மலாயென்சிஸ் என்பது 1822இல் நெதர்லாந்துக்காரர் தெம்மிங்க் வைத்தது. இக்டினேட்டஸ் என்ற பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான், கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. இமயமலை அடிவாரம், மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையில் சில இடம், அந்தப் பக்கம் தைவான், ஜாவா, போர்னியோ, சுலவேசி வரை பரவியிருக்கிறது. உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கிற பறவை இல்லை.

ஆனால் எங்கேயும் கூட்டமாக இருக்காது. ஒரு சோலைத் தொடரைச் சுற்றி ஒரு ஜோடி, அவ்வளவுதான். மரம் தொடர்ச்சியாக இருந்தால்தான் அதற்குப் பிழைப்பு.

எஸ்டேட்பொண்ணு அக்கா, கூடு எங்கே கட்டும்? எனக்கு இதுவரை ஒன்றுகூடச் சிக்கியதில்லை.

---

எஸ்டேட்பொண்ணு:

எந்தச் சோலை என்று கேட்டால் சொல்ல மாட்டேன், எப்படிப்பட்ட இடம் என்றால் சொல்கிறேன். செங்குத்துப் பள்ளத்தைப் பார்த்த மாதிரி ஒரு நெடுமரம், அதன் மேல்கவட்டில் குச்சி அடுக்கிய மேடை. அகலம் மூன்று, நான்கு அடி. கட்டியதையே அடுத்தடுத்த வருடமும் செப்பனிட்டு வைத்துக்கொள்ளும். நம் பக்கம் ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் முட்டை. பெரும்பாலும் ஒன்றே ஒன்று, எப்போதாவது இரண்டு. வெள்ளையில் பழுப்புத் திட்டு. ஊரார் கூட்டையெல்லாம் பெயர்ப்பவர் தன் கூட்டில் ஒற்றை முட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இடம் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. நான் வருடக்கணக்காகப் பார்த்துவந்த ஒரு கூட்டைப் பற்றி ஒரு முறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் ஆறு பேர் கேமரா முக்காலியோடு வந்து மரத்தடியில் நின்றார்கள். ஒருவர் கை தட்டி எழுப்பினார், பறக்கிற படம் வேண்டுமாம். கழுகு எழுந்து பள்ளத்துக்கு மேலே வட்டமடித்தது, ஒரு மணி நேரத்துக்குக் கூட்டுக்குத் திரும்பவில்லை. அந்த வருடம் குஞ்சு வரவில்லை. அது அவர்களால்தானா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கூட்டுக்குப் போகாமலே பார்க்க நல்ல காட்சி ஒன்று உண்டு, இப்போது அதற்கான காலம்தான். குளிர் விட்ட காலைப் பொழுதில், வெயில் ஏறியதும் பள்ளத்தைப் பார்த்து நில்லுங்கள். ஜோடியில் ஒன்று உயரே போய் இறக்கையை மடக்கிக் கல் மாதிரி விழும். பள்ளத்துக்குள் போய்விட்டது என்று நினைக்கும்போது அதே வேகத்தில் வளைந்து மேலே ஏறும், நேர் செங்குத்தாக, வேகம் தீர்ந்து ஒரு நொடி வானத்தில் நின்றுவிடும். அப்புறம் மறுபடி விழும். ஆயுசு முழுக்க நடை பழகுகிற பறவை இப்படியும் பறக்குமா என்று இருக்கும்.

---

மூன்றாம்வளைவு:

எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதை நேற்று ராத்திரி சித்திக்குப் போனில் முழுதாகப் படித்துக் காட்டினேன். கூட்டைத் தூக்குகிற இடத்தில் "அடப்பாவி" என்றார்.

இன்று காலை அவரே கூப்பிட்டார். எட்டே முக்காலுக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாராம். பத்து மணிக்கு வந்ததாம், ஒன்று இல்லை, இரண்டு. விழுந்ததா என்று கேட்டேன். விழவில்லை, சோலையை ஒட்டிப் போய்க்கொண்டே இருந்தன, கால் மஞ்சள் நன்றாகத் தெரிந்தது என்றார். இறக்கை எத்தனை முறை அடித்தது என்றும் கேட்டேன். இரண்டுதானாம். சித்தப்பா பக்கத்திலிருந்து "நான்கு" என்று கத்துவது எனக்கே கேட்டது.

கருடன் இல்லை என்று தெரிந்த பிறகும் கன்னத்தில் போட்டுக்கொண்டீர்களா என்றேன். "போட்டாச்சு, இனிமேல் என்ன" என்கிறார்.